மறக்க வேண்டிய இடம்

உலகத்தில் இதுவரை பிறந்த மனிதர்களில், ஒரு வரியைக்கூட மனப்பாடம் செய்யாமல் கல்லூரியின் கடைசி வருடம் வரை வந்து சேர்ந்தவன் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் சொல்லவில்லை. அரசாங்கம் சொன்னது. அதுவும் என் கைபேசிக்கு முத்திரை போட்டு, காலைக் காப்பிக்கு முன்னால் அனுப்பிச் சொன்னது.

அரசாங்கம் என்றால் தேர்வுத் தர ஆணையம். பிள்ளைகள் புரியாமலே எழுதித் தேறிவிடுகிறார்கள், இனிமேல் தேர்வு புரிதலை மட்டுமே அளக்கும் என்று ஆணையம் அறிவித்தபோது யாரும் எதிர்க்கவில்லை. புரிதலுக்கு எதிராக யார் கொடி பிடிப்பார்கள்? நான் நடத்திவந்த ‘புளியேப்பம்’ என்ற கைபேசி இதழில் தலையங்கமே எழுதி வரவேற்றேன். புளியேப்பத்தின் செல்வாக்கைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் கல்லூரியில் மட்டுமல்ல, இரண்டு கல்லூரி தள்ளியும் என்னை வெறுக்கிறவர்கள் இருந்தார்கள்.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. புதிய அளவுகோலில் எழுதுகிற பிள்ளை குறைவாக வாங்குவான், பழைய அளவுகோலில் எழுதியவன் அள்ளி வைத்திருப்பான், இருவரும் ஒரே வேலைக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு பெற்றோர் சங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆணையமும் நியாயமாகவே பதில் சொன்னது: பழைய விடைத்தாள்களையும் புதிய அளவுகோலால் திருத்திவிடலாம். முப்பது வருடத்துப் பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் படம்பிடித்துச் சேமிக்கப்பட்டிருந்தன. ‘துலாக்கோல்’ என்ற இயந்திரம் ஒரு சனி ஞாயிறில் அத்தனையையும் படித்து முடித்தது. கைடில் இருக்கிற வரி விடைத்தாளில் அப்படியே வந்திருந்தால் அதற்குப் பூஜ்யம் போட்டது.

திங்கட்கிழமை காலையில் எங்கள் தென்காசி வட்டாரத்தில், பத்தாவது தேறியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறாதவர்களாகக் கண்விழித்தார்கள்.

பத்தாவதின் மேல்தானே மற்றதெல்லாம் கட்டியிருக்கிறது. அடியில் ஒரு கல்லை உருவியதும் ஓட்டுநர் உரிமம், நர்ஸ் பதிவு, மின்கம்பம் ஏறும் அனுமதி எல்லாவற்றின் மேலும் ‘தகுதி நிலுவை’ என்று சிவப்பாக விழுந்தது. இந்தக் காலத்தில் எந்தக் கருவியும் கட்டைவிரலைக் கேட்காமல் வேலை செய்வதில்லை. கட்டைவிரல் நிலுவை என்றால் கருவியும் நிலுவை.

என் அண்ணன் சங்கரவேல் பஸ் ஓட்டுநர். தமிழில் விழுந்திருந்தான். அவன் ஏறி உட்கார்ந்து விரலை வைத்தான், பஸ் உறுமவில்லை. கண்டக்டர் தேறியிருந்தார். ஆகவே அன்று நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் விதிப்படி டிக்கெட் கொடுக்கப்பட்டது. பயணிகள் ஏறி உட்கார்ந்து, வெளியே பார்த்து, கொஞ்ச நேரம் கழித்து ஏறின இடத்திலேயே இறங்கினார்கள். தீயணைப்பு நிலையத்தில் சமையல்காரர் மட்டும் தேறியிருந்தார். பத்தாவதே எழுதாதவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, விழுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. வாழைத்தார் ஏற்றுகிற மினி லாரிக்காரர் முப்புடாதி அண்ணாச்சி எட்டாவதோடு நின்றவர். அவர் வண்டி மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டு போய்வந்தது.

ஆணையம் இதைத் ‘தற்காலிகச் சிரமம்’ என்றது. விழுந்தவர்கள் மறுபடி எழுதித் தேற ‘சமன் தேர்வு’ ஒன்று வைப்பதாகவும் சொன்னது.

என் கதை வேறு. அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்த நான் வட்டாரத்திலேயே உச்சிக்கு ஏறியிருந்தேன். காரணம், இரத்த அழுத்தம் பற்றிய ஒரு கேள்வி. அன்றைக்கு நான் படிக்காமல் போயிருந்தேன். ஆகவே இப்படி எழுதியிருந்தேன்:

‘எங்கள் தெருவில் மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் எங்கள் குழாயில் தண்ணீர் வராது, காற்றுதான் வரும். அம்மா என்னை வாளியோடு நிற்க வைப்பாள். ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் தூரமாகப் பாயும். ரொம்ப அமுக்கினால் குழாய் பிய்த்துக்கொள்ளும். இரத்தமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.’

ஆணையம் இதை மாதிரி விடையாக எல்லாருக்கும் அனுப்பியது. ‘என்று நினைக்கிறேன்’ என்பது உயர்ந்த புரிதலின் அடையாளம் என்று அடிக்குறிப்பும் போட்டது. சும்மா இருந்த பையனை நாடு இப்படித்தான் கெடுக்கிறது.

அண்ணன் மனைவி உலகம்மாள், என் மதினி, மேலப்பாறைக்குளம் சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸ். சுற்றியுள்ள நாலு ஊர் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அவள் பொறுப்பு. அவள் விழுந்தது அறிவியலில்.

“அறிவியல்லயா மதினி?” என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ஆமாடே. இருதயத்தப் பத்தி எழுதுனதுக்கு முட்டை போட்டிருக்கு.”

“கைட்ல இருக்கத அப்படியே எழுதியிருப்பீங்க.”

“பின்ன? ஒரு எழுத்து மாறுனா எங்க டீச்சர் முட்டிக்குக் கீழ அடிப்பா. மாத்தாம எழுதுனதுக்கு இப்ப இவன் அடிக்கான்.” காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள். “இது இந்த ஒரு தடவையோட போயிருமா?”

“எங்க போவும்? ஒவ்வொரு தேர்வு முடியவும் புதுசா வந்த தாளையும் சேத்துப் போட்டு, எல்லாரு தாளையும் மறுபடி பாக்கும். யாரு யாரப் பாத்து எழுதுனான்னு அதுக்குத் தெரியணும்லா.”

“அப்ப ஒன் தாளயும் பாக்குமா?”

“பாக்கட்டும். நான் யாரப் பாத்து எழுதுனேன்?”

“அதுசரி,” என்றாள். “நீ யாரத்தான் பாத்திருக்க?”

மறுநாள் பஸ் இல்லாததால் என் சைக்கிளில் அவளை மேலப்பாறைக்குளத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். சுகாதார நிலையத்துக் கதவு அவள் விரலை ஏற்கவில்லை. இடது கையை வைத்துப் பார்த்தாள், சேலையில் துடைத்து வைத்துப் பார்த்தாள். படியில் பேச்சித்தாய் காத்திருந்தாள். பீடி சுற்றுகிற பெண், தலைப்பிள்ளை, எட்டாவது மாதம். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. அவளுக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே வருகிறது என்று மதினி ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்துவந்தாள்.

மதினி பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினாள். கருவியும் சிவப்பாக ‘தகுதி நிலுவை’ என்றது. சுற்றியதை அவிழ்த்துவிட்டு, குனிந்து பேச்சித்தாயின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். அந்த விரலுக்கு அங்கே யாரும் அனுமதி கேட்கவில்லை. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

“தலைவலி இருக்காட்டி?”

“நேத்துலருந்து லேசா இருக்கு நர்சக்கா.”

“பெரியாஸ்பத்திரிக்குப் போயிரு. இன்னைக்கே போ.”

“எதுல போவ? ஒங்க வீட்டுக்காரரு பஸ்ஸுதான் டிக்கெட் மட்டும் குடுக்குமாமே, ஓடாதாமே.” பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீங்க எப்பக்கா பாஸ் ஆவிய?”

“சமன் தேர்வு வருதுட்டி. எழுதிட்டு வாரேன். அதுவரைக்கும் உப்பக் கொற. படுக்கயில எடப்பக்கம் சாஞ்சு படு. கண்ணு மங்குனா ஓடனே எனக்குப் போன் போடு.”

ஆம்புலன்ஸுக்கு அவள் பேசிப் பார்த்தாள். வண்டி இருக்கிறது, ஓட்டுநர் டுட்டோரியலில் இருக்கிறார் என்றார்கள்.

எல்லாரும் டுட்டோரியலில்தான் இருந்தார்கள். தங்கப்பழம் சார் தன் டுட்டோரியலில் இடம் போதாமல் ஒரு கல்யாண மண்டபத்தையே பிடித்திருந்தார். புளியேப்பத்துக்கு விஷயம் தேடி நான் ஒருநாள் மாலை அங்கே போனேன். மணமேடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். கீழே லைன்மேன்கள், தீயணைப்புக்காரர்கள், ஓட்டுநர்கள், நர்ஸுகள், மீசையும் முதுகுப்பையுமாக. மூன்றாவது வரிசையில் மதினி.

“எங்கள் தெருவில் மூன்று வீட்டில்…” என்றார் சார்.

“எங்கள் தெருவில் மூன்று வீட்டில்!” என்றது மண்டபம்.

“இங்கே கொஞ்சம் யோசிக்கவும்.”

“இங்கே கொஞ்சம் யோசிக்கவும்!”

“அத எழுதாதீங்கய்யா, யோசிங்க!” என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார். “வாங்க, வாங்க! பைப் தம்பி வந்தாச்சு! எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க, இவுகதான் அந்தத் தெருக்காரரு!”

கைதட்டினார்கள். ஒரு லைன்மேன் எழுந்து, “தம்பி, ஒங்க அம்மா வாளிய எந்தக் கையில குடுப்பாங்க?” என்று கேட்டார்.

நான் சாரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். “சார், இது மனப்பாடம்லா?”

“ஷ்ஷ்! அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. இது புரிதல். புரிதல மனசுல பதிய வைக்கோம்.”

“எல்லாரு தெருவுலயும் மூணு வீட்லதான் மோட்டார் போடுவாங்களா?”

“அதுக்குத்தான பிரிச்சிருக்கேன். இந்தப் பக்கம் மூணு வீடு. அந்தப் பக்கம் நாலு வீடு. தீயணைப்புக்காரங்களுக்கு அஞ்சு. அவங்களுக்குத் தண்ணி நெறய வேணும்லா?”

“நீங்க தேறிட்டீங்களா சார்?”

“நானா? அத்தன பாடத்துலயும் போச்சு.” கொஞ்சமும் கலங்காமல் சொன்னார். “சொல்லிக் குடுக்கவன் தேறியிருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

அன்றைக்கே ‘கிளிகள் கவனத்துக்கு’ என்ற கட்டுரையை எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் கிளியாவது எப்படி, அலகில் பேனாவைப் பிடிப்பது எப்படி, யோசிக்கவும் என்று சொன்னால் எத்தனை இமைப்பு யோசிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கியிருந்தேன். அது மாவட்டம் தாண்டிப் போனது. மண்டபத்தில் இருந்தவர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டபோது மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

மதினியும் படித்தாள். ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் தோசைக்கரண்டி.

“நல்லாத்தான் எழுதிருக்கடே. எங்கள எல்லாம் கிளின்னு போட்டிருக்க.”

“ஒங்கள இல்ல மதினி. பொதுவா.”

“கிளி சொன்னதச் சொன்னா அதுக்குப் பழம் கெடைக்கும். நான் சொன்னா எனக்கு அந்தக் கதவு தெறக்கும். தெறந்தாப் போதும், கிளின்னு சொல்லு, காக்கான்னு சொல்லு.” தோசையைத் திருப்பினாள். “ஒங்கம்மா வாளியோட நிக்க வச்சது, காத்து வாரதுக்கு முன்னாலயா பொறவா?”

“பொறவு.”

“காத்து… வாளி… விரலு…” என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த தோசையை ஊற்றினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மேலப்பாறைக்குளத்திலிருந்து போன் வந்தது. பேச்சித்தாய் பீடித்தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள், கை கால் இழுக்கிறது என்றார்கள். அண்ணன் பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடப்போய், பாதியில் நினைவு வந்து நின்றான். நான் முப்புடாதி அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். அவர் சோற்றில் கைவைத்திருந்தார். அப்படியே உதறிவிட்டு எழுந்தார். வழியெல்லாம் அவர் அழுத்திய அழுத்தில் வாழைத்தார்கள் உருண்டுகொண்டே வந்தன. பேச்சித்தாய் வீட்டு வாசலில் நானும் அண்ணனும் தார்களைத் தெருவில் தள்ளி இடம் பண்ணினோம்.

மதினி பின்னால் ஏறி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் வண்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி பேச்சி, என்னப் பாரு. இங்க பாருட்டி,” என்று திருநெல்வேலி வரைக்கும் மதினி சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா ஓடிவந்தாள். “பிரஷர் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“கொஞ்ச நாளாப் பாக்கல டாக்டர்.”

“நர்ஸுதான நீங்க? ஏன் பாக்கல?”

“நிலுவை டாக்டர்.”

டாக்டரம்மா பேச்சித்தாயை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

பேச்சித்தாய் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. யாரோ ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்து, கேரளாவில் இருந்த புருஷன் வரவில்லை என்பதால், மதினி கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் தலைசீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவோரம் நின்றான்.

“உலகு, அடுத்த தடவ எழுதிக்கிடலாம்லா.”

“அடுத்த தடவ வரைக்கும் அந்தக் கதவு பூட்டியே கெடக்கணுமா? இன்னும் ரெண்டு பேரு மாசமா இருக்காளுவ.” பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டாள். “நீங்க ஒங்க தமிழ எடுத்து வைங்க. கெளம்புவோம்.”

அன்று தாளில் இரத்த அழுத்தம்தான் வந்திருந்தது. மாலையில் நான் அவளிடம் கேட்டேன். பீற்றிக்கொள்ளக் கேட்கவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அதனால் கேட்டேன்.

“ஒன் தெருவத்தான் எழுதுனேன். மோட்டார் வந்துது, காத்து வந்துது, வாளி வந்துது. ரொம்ப அமுக்குனா குழாய் பிச்சிக்கிடும்னு எழுதணும்லா, அங்க கை போவல. குழந்தைன்னு எழுதிட்டேன். அத அடிச்சேன். பொறவு ஒண்ணும் ஞாபகம் வரல்ல. இதுக்கு மேல எனக்கு எழுத வரல்லன்னு எழுதி வச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.” கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கடைசிப் பத்தி முழுசும் போச்சுடே.”

முடிவு வந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் எல்லாரும் விழுந்திருந்தார்கள். நான்கு வீட்டுக்காரர்களும் அப்படியே. தீயணைப்பு நிலையத்தில் இன்னும் சமையல்காரர்தான். அண்ணன் தமிழில் மறுபடியும் போனான். மாநிலம் முழுக்க ஒரே தெருவில் மோட்டார் போட்டிருந்ததைத் துலாக்கோல் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது.

மதினி தேறியிருந்தாள். அவள் தாளின் கீழே இயந்திரம் ஒரு குறிப்பு எழுதியிருந்தது: ‘முற்பகுதி மனப்பாடம். பிற்பகுதியில் உண்மையான தடுமாற்றம். மிக உயர்ந்த புரிதல்.’

அதைப் படித்துவிட்டு அவள் சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை. “அடுத்த தேர்வு வரைக்கும் கதவு தெறந்திருக்கும்லா? அதுக்குள்ள அந்த ரெண்டு பேருக்கும் பேறுகாலம் ஆயிரும்,” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனாள்.

எனக்கும் செய்தி வந்தது. காப்பிக்கு முன்னால்தான் வந்தது. ‘உங்கள் அறிவியல் விடை, பரவலாக வழங்கிவரும் ஒரு மனப்பாடப் பகுதியோடு முழுமையாக ஒத்துப்போகிறது. தகுதி நிலுவை.’ அன்று கல்லூரி வாசலில் கதவு என் விரலைத் துப்பிவிட்டது. வாட்ச்மேன் தேறியவர். மரியாதையாக வெளியே நிற்கச் சொன்னார்.

ஆணையத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் குரல், பொறுமையான குரல்.

“மேடம், அது என் விடை. நான் எழுதுனது.”

“அதே விடையை லட்சக்கணக்கான பேர் எழுதியிருக்காங்க சார்.”

“என்னப் பாத்து எழுதுனாங்க. நீங்கதான மாதிரி விடைன்னு போட்டீங்க!”

“நீங்க அவங்களப் பாத்து எழுதலைங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா சார்?”

“நான் எழுதி வருசக்கணக்கா ஆச்சு. அவங்க எழுதுனது போன வாரம்!”

“துலாக்கோல் தேதி பாக்காது சார். பழசு, புதுசுன்னு பாரபட்சம் காட்டக் கூடாதுன்னு பெற்றோர் சங்கம் கேட்டு வாங்கின விதி அது. சமன் தேர்வுக்குப் பதிவு பண்ணட்டுமா?”

நான் போனை வைத்துவிட்டு ஓர் உக்கிரமான தலையங்கம் எழுதினேன். பாதியில், ‘என்று நினைக்கிறேன்’ என்று ஒரு வாக்கியம் முடிந்தது. அதற்கு மேல் அந்தத் தலையங்கத்தைத் தொடரப் பிடிக்கவில்லை.

அடுத்த சமன் தேர்வில் தேறாவிட்டால் என் பட்டமும் நிலுவை, பட்டத்தை நம்பி எனக்கு வந்திருந்த வேலையும் நிலுவை. வீட்டில் கதவு திறக்கிற விரல் இப்போது மதினியுடையது ஒன்றுதான். நான் தெருவில் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். ஓடாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தேன். கண்டக்டர் டிக்கெட் வேண்டுமா என்றார்.

ஆணையம் புதிய மாதிரி விடையை வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு, ஒரு நர்ஸின் விடை என்று போட்டிருந்தார்கள். அடித்த சொல்லையும் அடித்தபடியே படமாகக் கொடுத்திருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

“குழாய் வரைக்கும் தெளிவா வாங்க,” என்றார் தங்கப்பழம் சார் மணமேடையிலிருந்து. “குழாய்க்கு அடுத்தாப்புல மறக்கணும். முன்னாலயே மறந்துராதீங்க, மார்க் போயிரும். குழந்தைன்னு எழுதுங்க. அடிங்க. இப்ப, எனக்கு எழுத வரல்ல.”

“எனக்கு எழுத வரல்ல!” என்றது மண்டபம்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். “சார், இதயும் இத்தன பேரு எழுதுனா அது கண்டுபிடிச்சிரும்லா?”

“கண்டுபிடிக்கும் தம்பி. அதனால இந்த மொத பேட்ச்சுக்கே முந்திக்கிடுங்க. பொறவு வாரவனுக்குத்தான் கஷ்டம்.”

“அப்ப மொதல்ல எழுதுனவங்களுக்கு? எங்க மதினிக்கு?”

அவர் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டார். “அந்தம்மா மறுபடியும் எதையாவது மறந்துருவாங்க,” என்றார்.

நான் ஒருவன் எழுதாமல் விட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? அத்தனை பேரும் எழுதத்தான் போகிறார்கள். இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. மண்டபத்திலிருந்து வீடு வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். குழாய் வரைக்கும் வந்தேன். நிறுத்தினேன். குழந்தை என்று எழுதினேன். ஒரு கோடு இழுத்தேன். சரியாக வரவில்லை, ரொம்பத் திட்டமாக இருந்தது. இன்னொரு தாளில் கையை உதறிக்கொண்டு மறுபடி இழுத்தேன்.

நிமிர்ந்தபோது மதினி நின்றிருந்தாள். தோளில் பை, செருப்பெல்லாம் மேலப்பாறைக்குளத்துச் செம்மண். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் தாளைக் கையால் மூடினேன்.

“கைய எடு,” என்றாள்.

எடுத்தேன்.

குனிந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

“ஒரு கோடு இல்லடே. நான் ரெண்டு கோடு போட்டேன்,” என்றாள். “மொதக் கோட்டுக்குப் பொறவும் எழுத்து தெரிஞ்சுது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்து அவள் கைகழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் ஒரு புதுத் தாளை எடுத்து, எங்கள் தெருவிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.